ஈர மண்ணும் சுட்ட மண்ணும்

(தமிழ்நாட்டின் மங்களூரில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் இந்த மானாவாரிப் பூமியிலே, நாளெல்லாம் காட்டிலும் கழனியிலும் பாடுபட்டுவிட்டு மாலையில் வந்து அமர்ந்திருக்கும் உங்கள் முன்னிலையில், கணினித் துறையாரின் வேலைமுறை ஒன்றைப் பற்றிப் பேசவேண்டும் என்று மன்றத்தார் எனக்குக் கட்டளையிட்டபோது, இது சற்றும் பொருந்தாத காரியம் என்றே எனக்குப் பட்டது. யோசிக்க யோசிக்க, பொருந்தாமை ஒன்றும் இல்லை, கொல்லன் தெருவில் ஊசி விற்கப் புறப்பட்டிருக்கிறோம் என்பதே உண்மை என்று தெளிவாயிற்று. ஏனென்றால், அந்த முறை எதைக் கற்றுக்கொடுக்கிறதோ அதை நீங்கள் உங்கள் வயலிலும் அடுப்படியிலும் குழுக் கூட்டத்திலும் நாள்தோறும் செய்துகொண்டிருக்கிறீர்கள். செய்கிறோம் என்று அறியாமலே செய்துகொண்டிருக்கிறீர்கள்.

இவ்வொன்றியத்துப் பிள்ளைகள் பலர் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் கணினி நிறுவனங்களில் உத்தியோகம் பார்க்கிறார்கள். காலையில் அலுவலகம் சேர்ந்ததும் பதினைந்து நிமிஷம் எல்லோரும் நின்றபடியே ஒரு கூட்டம் நடத்துகிறோம் என்று அவர்கள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப் போகிறாய், உனக்குக் குறுக்கே நிற்பது எது? இந்த மூன்று கேள்விகள்தாம் அக்கூட்டத்தின் நிகழ்ச்சிநிரல். "ஏனப்பா, உட்கார்ந்து பேச உங்கள் முதலாளி நாற்காலி வாங்கித் தரமாட்டாரா?" என்று கேட்ட தகப்பனாரும் இந்தச் சபையில் இருக்கக்கூடும். அந்த வேலைமுறைக்கு அஜைல் என்று பெயர். அது எப்படிப் பிறந்தது, எதைச் சொல்கிறது, எங்கே செல்லும், எங்கே செல்லாது? இவையே இன்றைய பொருள்.

கணினிக்கு நிரல் எழுதுவது ஒரு பெருந்தொழிலாக வளரத் தொடங்கிய காலத்தில், அதை நடத்தியவர்கள் பாலம் கட்டுவோரையும் அணை கட்டுவோரையும் பார்த்துத் தங்கள் ஒழுங்கை வகுத்துக்கொண்டார்கள். முதலில் வாடிக்கையாளரின் தேவைகளையெல்லாம் ஒன்று விடாமல் எழுதி முடிப்பது. அதன் பிறகு திட்டப்படம். அதன் பிறகு நிரல். அதன் பிறகு பரீட்சை. எல்லாம் முடிந்து இரண்டு மூன்று ஆண்டுகள் சென்ற பிறகே வாடிக்கையாளர் கையில் ஒப்படைப்பு. மேலிருந்து கீழே ஒரே போக்காக விழுவதால் இதற்கு அருவி முறை என்ற பெயரும் பின்னால் வந்து சேர்ந்தது. இதிலே ஒரு வேடிக்கை உண்டு. 1970-இல் இந்தப் படிகளைப் படமாக வரைந்து காட்டிய வின்ஸ்டன் ராய்ஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர், அதே கட்டுரையில், இப்படியே செய்தால் ஆபத்து உண்டு, புதிய காரியமானால் முதலில் ஒருமுறை சிறிய அளவில் செய்து பார்த்துவிட்டு, இரண்டாவது முறை செய்ததையே வாடிக்கையாளரிடம் கொடுங்கள் என்று எச்சரித்திருந்தார். உலகம் படத்தைப் பார்த்தது, எச்சரிக்கையைப் படிக்கவில்லை. படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடும் வழக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று போலும்!

பலன் என்ன ஆயிற்று? அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. என்னும் புலனாய்வு ஸ்தாபனம், தன் வழக்குக் கோப்புகளைக் கணினிக்கு மாற்றுவதற்காகச் சுமார் 17 கோடி டாலரைச் செலவிட்டுவிட்டு, வந்து சேர்ந்த பொருள் பயன்படாது என்று கண்டு 2005-இல் அத்திட்டத்தையே கைவிட்டது. அடுத்து எடுத்த திட்டமும் தடுமாறியபோது, 2010-இல் வேலையைத் தன் கையிலேயே வாங்கிக்கொண்டு, பெரிய கூட்டத்தைச் சிறிய குழுவாகக் குறைத்து, சிறு சிறு தவணைகளாக வேலையைப் பிரித்து, தவணைதோறும் செய்ததைப் பயன்படுத்துவோரிடம் காட்டித் திருத்தி, 2012-இல் அதை முடித்தது.

அந்த இரண்டாவது வழியைத்தான் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், யூட்டா மாகாணத்து ஸ்னோபேர்ட் என்னும் பனிமலை விடுதியில் கூடிய 17 மென்பொருள் வல்லுநர்கள் ஒரு பிரகடனமாக எழுதி வைத்தார்கள். கெண்ட் பெக், மார்ட்டின் ஃபவுலர், வார்ட் கன்னிங்ஹாம் முதலியோர் அவர்களில் அடங்குவர். அவர்கள் சொன்னவை நான்கு. விதிமுறைகளுக்கும் கருவிகளுக்கும் முன்னே மனிதர்களையும் அவர்கள் ஒருவரோடொருவர் கலந்து பேசுவதையும் வையுங்கள். ஏட்டுக்கு முன்னே, ஓடுகின்ற பொருளை வையுங்கள். ஒப்பந்தப் பேரத்துக்கு முன்னே, வாடிக்கையாளரோடு கூடி உழைப்பதை வையுங்கள். போட்ட திட்டத்தைக் கட்டிக்கொண்டு அழுவதற்கு முன்னே, மாறிய நிலைமைக்கு முகங்கொடுப்பதை வையுங்கள். முன்னே வையுங்கள் என்றார்களேயன்றி, பின்னே உள்ளவற்றைத் தூக்கி எறியுங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு பயன்படும்.

இப்போது, அன்பர்களே, பனிமலையை விட்டு இறங்கி விருத்தாசலத்துக்கு வாருங்கள்.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையை அறியாதவர் உங்களில் எவர்? கார்த்திகைக்கு அகல் விளக்கு, நவராத்திரிக்குக் கொலுப் பொம்மை, மின்சாரத்துக்கு இன்சுலேட்டர், வீட்டுச் சுவருக்கு பியூஸ் கேரியர் என்று அந்தச் சூளைகள் எத்தனையோ பண்டங்களைச் சுட்டு அனுப்பியிருக்கின்றன. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுக் கல்விநிலையமும் அவ்வூரிலேயே இருக்கிறது. அங்கே ஒரு பொம்மை எப்படிப் பிறக்கிறது என்பதைச் சற்றே சாவகாசமாகப் பார்ப்போம். ஏனென்றால் ஸ்னோபேர்டில் கூடிய 17 பேரும் சொன்னதை அந்தப் பொம்மை இன்னும் தெளிவாகச் சொல்கிறது என்பது என் அபிப்பிராயம்.

வெள்ளைக் களிமண்ணையும், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்னும் கற்பொடிகளையும் நீர்விட்டு அரைத்துக் கூழாக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மோல்டுக்குள் ஊற்றுகிறார்கள். மோல்டு நீரை உறிஞ்சுகிறது. மண் அதன் சுவரையொட்டிப் படிகிறது. போதிய கனம் ஏறியதும் மிச்சக் கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டால், உள்ளே கூடான பொம்மை நிற்கிறது. அந்தப் பொம்மையின் மூக்கு சரியாக இல்லையா? ஈரத்திலேயே திருத்தலாம். கை ஒடிந்துவிட்டதா? அதே கூழைப் பசையாகத் தடவி ஒட்டலாம். பொம்மையே மனத்துக்குப் பிடிக்கவில்லையா? தொட்டியில் போட்டு மறுபடியும் கூழாக்கலாம். நஷ்டம் ஒரு நாழிகை உழைப்பு. நன்றாகக் காய்ந்து கல்லைப்போல் இறுகிவிட்டதே என்றாலும் பயமில்லை. நீரில் ஊறப்போட்டால் குழைந்து பழைய மண்ணாகிவிடும். ஆனால் சூளைக்குள் சென்று சுமார் 600 பாகை செல்சியஸ் வெப்பத்தைத் தாண்டியதும், மண்ணின் இயல்போடு பிணைந்து கிடந்த நீரும் பிரிந்து போய்விடுகிறது. அதன் பிறகு கங்கையையே கொண்டுவந்து கொட்டினாலும் அது களிமண் ஆகாது. மூக்கு கோணலாக இருந்தால் கோணல் மூக்குதான்!

அன்பர்களே, நான் சொல்ல வந்த விஷயம் முழுவதும் இதற்குள்ளே இருக்கிறது. உலகத்துக் காரியங்கள் எல்லாவற்றுக்கும் ஓர் ஈரப் பருவம் உண்டு. ஒரு சுட்ட பருவமும் உண்டு. ஈரத்தில் மாற்றினால் செலவு சொற்பம். சுட்ட பிறகு மாற்றினால் செலவு சொத்தையே கொண்டுபோகும். ஆகவே எதை எப்போது சுடுவது, எவ்வளவு சுடுவது என்பதை அறிந்திருப்பதே சாமர்த்தியம்.

அப்படியானால் எல்லாவற்றையும் ஈரமாகவே வைத்திருந்துவிடலாமே என்று ஒருவர் கேட்கலாம். முடியாது. ஏனெனில் மண்ணின் குற்றம் ஈரத்தில் தெரிவதில்லை, நெருப்பில்தான் தெரிகிறது. பீங்கான் காயும்போதும் வேகும்போதுமாகச் சேர்ந்து பத்தில் ஒரு பங்குக்கும் மேல் சுருங்குவதுண்டு. பூசும்போது சாம்பல் நிறமாக இருந்த கிளேஸ் என்னும் மெருகுப் பூச்சு வெந்த பிறகு நீலமாக வரலாம், வழிந்து ஓடலாம், சுருண்டு திட்டுத் திட்டாக நிற்கலாம், மயிரிழை மயிரிழையாக விரிசல் விடலாம். ஆறும்போது அவசரப்பட்டால், 573 பாகையில் குவார்ட்ஸ் சட்டென்று தன் கனஅளவை மாற்றிக்கொள்வதால் பண்டமே பிளந்துவிடலாம். இவற்றையெல்லாம் காகிதத்தில் கணக்குப் போட்டு அறிந்துவிட முடியுமா? ஓரளவுதான் முடியும். ஆகையினால் அநுபவசாலி என்ன செய்கிறார்? புதிய கலவையானால் ஆயிரம் பொம்மையை அடுக்கிச் சூளையை மூடுவதில்லை. சிறு வில்லை ஒன்றில் கிளேஸைத் தடவி, வேறு பண்டத்துக்காக எரியும் சூளையின் மூலையில் அதையும் வைத்து எடுத்துப் பார்க்கிறார். அதைப் பார்த்து அடுத்த கலவை. அதையும் பார்த்து அதற்கடுத்த கலவை. சிறியதை முந்திச் சுட்டு, பெரியதை ஈரத்தில் காத்திருக்கச் செய்கிறார். அஜைல் முறையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு சிறு பகுதியை ஓடவிட்டு வாடிக்கையாளரிடம் காட்டுகிறார்களே, அது இந்த வில்லைதான்.

சூளைக்குள் வைக்கும் கோன் ஒன்றைப் பற்றியும் சொல்லவேண்டும். 1886-இல் ஹெர்மன் சேகர் என்னும் ஜெர்மானிய ரசாயன நிபுணர் அமைத்த சிறு கூம்பு அது. பண்டத்தையொத்த கனிமங்களாலேயே செய்யப்பட்டது. குறித்த அளவு வெந்ததும் தலை சாய்ந்து வளையும். வெப்பமானி இருக்கும்போது இது எதற்கு? வெப்பமானி அந்த நிமிஷத்து வெப்பம் எவ்வளவு என்று எண்ணால் சொல்லும். மண் வெந்ததா என்று அதற்குத் தெரியாது. மெல்ல எரித்த சூளையும் வேகமாக எரித்த சூளையும் ஒரே எண்ணைக் காட்டினாலும் உள்ளே விளைந்தது வேறாக இருக்கும். கோனோ பண்டத்தோடு சேர்ந்து தானும் வெந்து, விளைந்ததைக் காட்டுகிறது. அலுவலகங்களிலே வேலை நூற்றுக்கு எண்பது பங்கு முடிந்தது, தொண்ணூறு பங்கு முடிந்தது என்று மாதந்தோறும் அறிக்கை வருகிறதல்லவா? அவை வெப்பமானியின் எண்கள். ஓடுகின்ற பொருளே முன்னேற்றத்தின் முதல் அளவு என்று பிரகடனத்தார் அதனோடு சேர்த்த பன்னிரண்டு கோட்பாடுகளில் ஒன்றாக எழுதியபோது, சூளைக்குள் ஒரு கோனை வைக்கச் சொன்னார்கள்.

விளைந்ததைக் கொண்டே வேலையை அளக்கும் இந்த எண்ணம் நம் பகுதிக்குப் புதியதா? விருத்தாசலத்துப் பழமலைநாதர் கோயிலின் வன்னி மரத்தை நினைத்துப் பாருங்கள். விபசித்து முனிவர் அக்கோயிலைத் திருப்பணி செய்தபோது, அன்றன்று வேலை செய்தவர்களுக்கு வன்னி இலைகளைக் கூலியாகக் கொடுத்தார் என்றும், அவரவர் உழைத்த அளவுக்கு அந்த இலை பொன்னாக மாறிற்று என்றும் ஸ்தலபுராணம் சொல்லும். வேலையைக் கண்ணால் பார்த்து அளக்கும் மேஸ்திரி அங்கே மரமே போலும்! இன்றைய நிறுவனங்களுக்கு அப்படி ஒரு மரம் கிடைத்தால் நிலைமை எப்படியிருக்கும் என்று நான் ஆராய விரும்பவில்லை. இந்த அவையில் உத்தியோகஸ்தர்களும் இருக்கிறார்கள்.

கழனிக்கு வருவோம். மக்காச்சோளம் போட்ட குடியானவர்கள் 2018-ஐ மறந்திருக்கமாட்டீர்கள். அமெரிக்கக் கண்டங்களைப் பிறப்பிடமாகக் கொண்டு, 2016-இல் ஆப்பிரிக்காவில் இறங்கி, 2018-இல் கர்நாடகத்தில் தென்பட்டு, அந்தப் பட்டத்திலேயே நம் காட்டுக்கும் வந்து சேர்ந்தது படைப்புழு. அதுவரை மக்காச்சோளம் என்பது விதைத்துவிட்டு, களை வெட்டி, உரம் வைத்து, அறுக்கப் போகும் நிம்மதியான பயிர். அந்த நிம்மதியை ஒரு புழு கெடுத்தது. குருத்துக்குள்ளே புகுந்துகொண்டு எச்சத்தால் வாயிலை அடைத்துக்கொள்ளும் அதற்கு, இத்தனையாம் நாள் இன்ன மருந்து என்று எழுதிவைத்த அட்டவணையால் மட்டும் என்ன செய்ய முடியும்? குருத்து அடைந்த பிறகு மேலே தெளித்த மருந்து உள்ளே போவதே இல்லை. ஆகவே நீங்கள் என்ன செய்யக் கற்றுக்கொண்டீர்கள்? இனக்கவர்ச்சிப் பொறி வைத்து அந்துப்பூச்சி வந்ததா என்று பார்த்தீர்கள். வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, இங்கொரு செடி அங்கொரு செடியாகக் குருத்தை விரித்துப் பார்த்தீர்கள். இலையில் ஊசி குத்தினாற்போன்ற துளை தெரிந்த உடனே, புழு சிறியதாக இருக்கையிலேயே வேலையைத் தொடங்கினீர்கள். வரப்பைச் சுற்றித் தட்டைப்பயறும் எள்ளும் போட்டு நன்மை செய்யும் பூச்சிகளை வரவழைத்தவர்களும் உண்டு. உடையவன் பாராத பயிர் உருப்படுமா என்று நம் பாட்டன்மார் கேட்டதைத்தான் பிரகடனத்தின் நான்காவது வாக்கியம் வேறு விதமாகக் கேட்கிறது.

நெல் போடுவோர் கையில் இலை வண்ண அட்டை ஒன்று இருக்கிறது. பச்சையின் படிகளை வெளிறியதிலிருந்து கருத்தது வரை வரிசையாக அச்சிட்ட ஒரு சாதாரணப் பட்டை. நட்ட சில வாரம் முதல், வாரத்துக்கு ஒருமுறை பத்து இலைகளை அதனோடு ஒட்டிப் பார்த்து, அவற்றில் ஆறோ அதற்கு மேலோ குறித்த பச்சைக்குக் கீழே வெளிறியிருந்தால் யூரியா இடு, இல்லையானால் சும்மா இரு என்பது முறை. இதிலே எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் சும்மா இருக்கச் சொல்வதுதான். செய்ய வேண்டாத வேலையைச் செய்யாமல் விடுவதும் ஒரு கலை என்று பிரகடனத்தின் பன்னிரண்டு கோட்பாடுகளில் ஒன்று கூறுகிறது. மூட்டை வாங்கிவிட்டோமே, அட்டவணையில் தேதி வந்துவிட்டதே என்று போடுகிற உரம் பயிருக்குப் போகிறதா, பூச்சிக்குப் போகிறதா என்பது உங்களுக்குத் தெரியாததன்று.

தாய்மார்களே, இனி உங்கள் பக்கம் திரும்புகிறேன். 1989-இல் தருமபுரி மாவட்டத்தில், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, மகளிர் சுய உதவிக் குழுக்கள் இந்த ராஜ்யத்தில் தொடங்கின. ஒரு மாவட்டத்தில் தொடங்கின என்பதைக் கவனியுங்கள். குழுக்களை வங்கியோடு இணைக்கலாம் என்ற யோசனை பிறந்தபோதும், 1992-இல் நபார்டு வங்கி தேசம் முழுவதற்கும் சட்டம் போட்டுவிடாமல், 500 குழுக்களை வைத்து முதலில் பரீட்சித்துப் பார்த்தது. ஏழை மகளிருக்கு அடமானமின்றிக் கடன் கொடுத்தால் திரும்புமா என்ற சந்தேகத்தை வாதத்தால் தீர்க்க முடியாது; கொடுத்துப் பார்த்தே தீர்க்க வேண்டும். சிறியதாகக் கொடுத்துப் பார்த்தார்கள். திரும்பி வந்தது. பிறகு பெருக்கினார்கள்.

குழுவின் உள்ளே நடப்பதும் அதுவே. பன்னிரண்டு முதல் இருபது பேர். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும். வாரந்தோறும் வட்டமாக உட்கார்ந்து சேமிப்பு, கடன், தவணை, கணக்கு எல்லாம் எல்லோர் எதிரிலும் நடக்கின்றன. ஒழுங்காகக் கூடுதல், ஒழுங்காகச் சேமித்தல், உள்ளுக்குள் கடன் கொடுத்தல், தவறாமல் திருப்புதல், கணக்கெழுதுதல் என்ற ஐந்தையும் பஞ்ச சூத்திரம் என்கிறார்கள். யார் முதலில் சிறு கடன் பெற்றுத் திருப்பினாரோ அவருக்கு அடுத்த முறை பெரிய கடன். இவ்வாரம் யாருக்காவது தவணை கட்ட முடியவில்லையானால், ஏன் முடியவில்லை என்பது அன்றே தெரிந்துவிடுகிறது. மாடு நோயுற்றதா, மகனுக்குக் கல்லூரிக் கட்டணமா என்று அன்றே பேசி அன்றே வழி காண்கிறார்கள். ஆண்டு முடிவில் தணிக்கையாளர் வந்து கண்டுபிடிக்கும் வரை காத்திருப்பதில்லை. உங்கள் பிள்ளைகள் பெங்களூரில் நின்றுகொண்டு நடத்தும் கூட்டத்தை நீங்கள் இங்கே உட்கார்ந்து நடத்துகிறீர்கள். அவர்களுடையதைவிட உங்களுடையது பழமையானது. 2001-க்கு முன்பே தொடங்கியது!

இப்போது, தமிழ்நாடே சேர்ந்து செய்த ஒரு காரியத்தைச் சொல்லப் போகிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட கதை. இதைக் கட்சிக் கண் கொண்டு பார்ப்பவர்கள் பாதிக் கதையைத்தான் பார்க்கிறார்கள்.

1920-இல் சென்னை மாநகராட்சி, பி. தியாகராயர் காலத்தில், ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு பள்ளியில் மதிய உணவைத் தொடங்கிற்று. ஒரே ஒரு பள்ளி! பிள்ளைகள் கூடுதலாக வந்தார்கள். வேறு சில பள்ளிகளுக்கும் நீட்டினார்கள். பிறகு நிதியின் காரணமாக அது நின்றும் போயிற்று. ஆனால் சோறு போட்டால் பிள்ளை வரும் என்ற பாடம் நிற்கவில்லை. 1956-இல் காமராஜர் ஆட்சி, கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று உழைக்க, ஊராரின் நன்கொடையையும் சேர்த்துக்கொண்டு அதை நாடெங்கும் கொண்டுசென்றது. 1982-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது முதலில் கிராமத்துச் சிறுவர்கள். அதே ஆண்டு செப்டம்பரில் நகரத்துச் சிறுவர்கள். 1984-இல் பதினைந்து வயது வரையுள்ள மாணவர்கள். 1989-இல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. படிப்படியாகக் கூடி, 2010-இல் வாரத்துக்கு ஐந்து முட்டையாயிற்று. சாம்பார்ச் சோறு ஒன்றையே தின்று சலித்த பிள்ளைகளுக்காக 2013-இல் ஜெயலலிதா ஆட்சி கலவைச் சாதங்களைக் கொண்டுவந்தபோது, மாவட்டத்துக்கு ஓர் ஒன்றியம் என்று எடுத்துப் பார்த்துவிட்டே பிறகு விரித்தது. 2022 செப்டம்பர் 15-இல் ஸ்டாலின் ஆட்சியில் காலைச் சிற்றுண்டி 1,545 பள்ளிகளில் தொடங்கியது. 2023 ஆகஸ்டு 25-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் சென்றது. அந்தச் சிற்றுண்டியைச் சமைப்பவர் யார்? சற்று முன் நான் சொன்ன மகளிர் குழுக்களின் உறுப்பினர்கள்.

நூறாண்டுக் கதை இது. 1920-இலேயே ஒரு நிபுணர் குழு உட்கார்ந்து, முட்டையும் கலவைச் சாதமும் காலைச் சிற்றுண்டியும் அடங்கிய முழுத் திட்டத்தையும் தீட்டி, அதற்கு நிதி சேரும் வரை காத்திருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்றும் கோப்பு ஏதேனும் ஒரு மேசையில் இருந்திருக்கும். ஆட்சிகள் மாறின, ஒன்றையொன்று ஏசிக்கொண்டன, ஆனால் முன்னவர் வைத்த உலையை அணைக்காமல் அதன் மேல் தாமும் ஒன்று சேர்த்துச் சமைத்தன. ஒவ்வொரு தவணையிலும் ஒரு பிள்ளையின் தட்டில் உண்மையான சோறு விழுந்தது.

சோறு என்றவுடன் கல்யாணப் பந்தி நினைவுக்கு வருகிறது. நல்ல சமையற்காரர், ஐந்நூறு பேர் என்று பெண் வீட்டார் சொன்ன கணக்கைக் கேட்டுக்கொள்வார். அரிசியையும் அதற்கேற்பக் கழுவாமல் மூட்டையிலேயே வைத்துக்கொள்வார். முதல் பந்திக்கு மட்டும் வடித்துவிட்டு, முகூர்த்தம் முடிந்து மண்டபத்தில் உள்ள தலைகளையும், வாசலில் வந்து நிற்கும் வண்டிகளையும் எட்டிப் பார்த்துக்கொண்டே அடுத்த உலைக்கு அரிசி களைவார். வெந்த சோறு மறுபடி அரிசியாகாது என்று அறிந்தவர் அவர். சொன்ன கணக்கை நம்பி ஒரேயடியாக வடித்துத் தள்ளும் சமையற்காரரின் கல்யாணத்தில், பிற்பகலில் அண்டாக்களைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிற காட்சியை நாம் கண்டிருக்கிறோம்.

இத்தனையும் கேட்டுவிட்டு, அப்படியானால் திட்டமே வேண்டாம், எதையும் தொடங்கிவிட்டுப் போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரேனும் புறப்பட்டால், அவர் கீழ்ச்செருவாய்க்குப் போய் வெலிங்டன் ஏரியின் கரைமேல் ஒருமுறை நடந்துவிட்டு வரவேண்டும். வெள்ளாற்றில் தொழுதூர் அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக வந்து நிறையும் அந்த ஏரியின் கரையை, பாதி கட்டிவிட்டு மழை பெய்யட்டும் பார்க்கலாம் என்று விட்டிருக்க முடியுமா? மதகின் அடிமட்டம் எங்கே, கலிங்கு எவ்வளவு நீளம், கரை எவ்வளவு உயரம் என்பவற்றை மண்வெட்டி விழுவதற்கு முன்பே கணக்கிட்டே ஆகவேண்டும். கரை சுட்ட மண். அது உடைந்தால் திருத்தப்படுவது கரையன்று. கீழே உள்ள ஊர்கள். ஆனால் அதே ஏரியின் தண்ணீரை எந்தத் தேதியில் திறப்பது, எத்தனை நாள் விடுவது, எந்த வாய்க்காலுக்கு முறை எப்படி என்பவை? அவை ஈர மண். ஆண்டுதோறும் மழையைப் பார்த்து, இருப்பைப் பார்த்து, பாசனக்காரர்களைக் கூட்டி வைத்துப் பேசித் தீர்மானிக்க வேண்டியவை. ஓர் ஏரியிலேயே இரண்டும் இருக்கின்றன. கரை கட்டுவதை ஒத்த காரியத்தை அன்றாடம் மாற்றுவதும் பிழை; மதகு திறப்பதை ஒத்த காரியத்துக்கு ஐந்தாண்டு அட்டவணை போடுவதும் பிழை. மருத்துவமனையின் அறுவை அரங்குக்கும், ஆகாய விமானத்தின் இறக்கைக்கும், பாலத்தின் தூணுக்கும் கரையின் நியாயமே செல்லும்.

இன்னொரு வகை மனிதரையும் நான் கண்டிருக்கிறேன். அவர் ஈரத்தை விரும்பும் முதலாளி. திங்கட்கிழமை பொம்மைக்கு மீசை வேண்டும் என்பார். புதன்கிழமை மீசை வேண்டாம் என்பார். வெள்ளிக்கிழமை பொம்மையே வேண்டாம், ஜாடி செய் என்பார். கேட்டால் நாங்கள் அஜைல் என்பார். அந்த மண் எந்நாளும் சூளைக்குப் போவதில்லை. திருத்திக்கொண்டேயிருந்து ஒன்றையும் சுடாமல் விடுவதற்கு எந்தப் பிரகடனமும் இடம் கொடுக்கவில்லை. அதைவிடப் பெரிய குற்றம், இராப்பகலாக வேலை வாங்குவது. உழைப்பவர் சளைக்காமல் காலமெல்லாம் தாக்குப்பிடிக்கும் சீரான வேகத்திலேயே வேலை நடக்கவேண்டும் என்று அந்தப் பன்னிரண்டு கோட்பாடுகளில் ஒன்று ஐயமறச் சொல்கிறது. அதை எத்தனை நிறுவனங்கள் சுவரில் எழுதி வைத்திருக்கின்றன? நின்றபடி நடக்கும் பதினைந்து நிமிஷக் கூட்டம் ஒரு மணிநேரமாக நீண்டு, கால் கடுக்க நின்று மேலதிகாரிக்குக் கணக்குச் சொல்லும் சடங்காக மாறிவிட்டது என்று உங்கள் பிள்ளைகளே என்னிடம் புலம்புகிறார்கள். மனிதருக்கு முன்னே முறையை வைக்காதீர்கள் என்று சொன்னவர்களின் பெயரால் ஒரு முறையைச் செய்து, அதை மனிதருக்கு முன்னே வைத்துவிட்டார்கள்! ஸ்னோபேர்டில் கூடிய 17 பேரில் ஒருவரான டேவ் தாமஸ், இந்த வியாபாரத்தையெல்லாம் பார்த்துச் சலித்து, அஜைல் செத்துவிட்டது என்றே 2014-இல் எழுதினார். அவர் இரங்கியது அந்தப் பெயருக்காகத்தான். சிறு அடி எடுத்து வைத்து, கற்றதைக் கொண்டு அடுத்த அடியைத் திருத்தும் பழக்கத்தை அவர் விடச்சொல்லவில்லை.

முடிக்கும் முன் மறுபடியும் தொழிற்பேட்டைக்குப் போகவேண்டியிருக்கிறது. வீட்டுச் சுவர்களிலே இருந்த வெள்ளைப் பீங்கான் பியூஸ் கேரியரின் இடத்தை, இன்று தானாகவே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் பிளாஸ்டிக் சுவிட்சு பிடித்துக்கொண்டது. பண்டத்தில் குறை இல்லை. வாடிக்கையாளரின் வீடு மாறிவிட்டது. மண் இருக்கிறது, சூளை இருக்கிறது, கை பழகிய தொழிலாளர் இருக்கிறார்கள், பரீட்சித்துப் பார்க்கக் கல்விநிலையமும் பக்கத்திலேயே இருக்கிறது. கணினி கற்று ஊர் வந்திருக்கும் பிள்ளைகளும், சந்தையில் எது விற்கும் என்று அறிந்த மகளிர் குழுக்களும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோரும் ஓரிடத்தில் உட்கார்ந்து பேசினால், அடுத்த சூளையின் மூலையில் எந்தப் புதிய சாமானை முதலில் வைத்துப் பார்ப்பார்கள்? சமையலறைப் பாத்திரமா, செடித் தொட்டியா, நான் நினைத்தும் பாராத வேறொன்றா? பேட்டையில் வேலை செய்கிறவர்கள் சிலர் இங்கே இருப்பதாக அவைத் தலைவர் அவர்கள் என்னிடம் சொன்னார்கள். இனிக் கேள்வி நேரம் என்றும் சொன்னார்கள். முதல் கேள்வியை நானே அவர்களிடம் கேட்டுவிட்டேன். அவர்கள் எழுந்து பேசட்டும், நான் உட்கார்ந்து கேட்கிறேன்.